விமானியே ஆபத்தாக மாறும்போது: ஜெர்மன்விங்ஸ் 9525 சொல்லும் பாடம்

விமான விபத்து என்றதும் எஞ்சின் கோளாறு, மோசமான வானிலை, விமானியின் கவனப்பிசகு ஆகியவைதான் நினைவுக்கு வரும். இவை எதிலும் சேராத ஒரு வகை இருக்கிறது. விமானத்தில் குறை இல்லை. வானம் தெளிவாக இருக்கிறது. ஓட்டுபவர் சுயநினைவோடு இருக்கிறார். அவரே விமானத்தைக் கொண்டுபோய் மோதுகிறார்.

பயணிகள் விமானங்களில் இப்படி நடந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியிருந்தும் பாதுகாப்புத் துறையினர் இவற்றைத் தனியாக எடுத்துப் படிக்கக் காரணம் உண்டு. விமானத்தில் உள்ள எச்சரிக்கைக் கருவிகளும், விதிமுறைகளும், இரண்டு விமானிகள் என்ற ஏற்பாடும், விமானி எப்படியும் விமானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார் என்ற நம்பிக்கையில் உருவானவை. அந்த நம்பிக்கை பொய்த்தால் மிச்சம் என்ன இருக்கிறது என்பதை ஜெர்மன் விமான நிறுவனமான ஜெர்மன்விங்ஸின் 9525ஆம் எண் விமானம் போலத் தெளிவாகக் காட்டும் விபத்து வேறில்லை. இரண்டு கறுப்புப் பெட்டிகளும் கிடைத்தன. மருத்துவ ஆவணங்கள் கிடைத்தன. பிரான்சின் விபத்து விசாரணை அமைப்பான பிஇஏ 2016 மார்ச்சில் முழு அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கை விமானிகளின் பெயரைச் சொல்வதில்லை. இங்கும் பெயர் தேவைப்படாது.

பத்து நிமிடங்கள்

2015 மார்ச் 24. பார்சிலோனாவிலிருந்து ஜெர்மனியின் டுசல்டார்ஃபுக்கு ஏர்பஸ் ஏ320 விமானம் காலை 10.01க்குக் கிளம்பியது. 144 பயணிகள், 6 ஊழியர்கள். ஹால்டெர்ன் ஆம் சே என்ற சிற்றூரின் பள்ளியிலிருந்து ஸ்பெயினுக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்த 16 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் அதில் இருந்தார்கள்.

விமானம் 38,000 அடி உயரத்தை எட்டியது. 10.30 வாக்கில் கேப்டன் விமானி அறையிலிருந்து வெளியே போனார். அறையில் 27 வயதுத் துணை விமானி மட்டும். அடுத்த சில விநாடிகளில், விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட்டுக்குச் சொல்லப்பட்ட இலக்கு உயரம் 38,000 அடியிலிருந்து 100 அடிக்கு மாற்றப்பட்டது. ஏ320இல் வைக்கக்கூடிய மிகக் குறைந்த எண் அது. ஆட்டோபைலட் கேள்வி கேட்கவில்லை; கேட்கும்படி அது செய்யப்படவும் இல்லை. எஞ்சின் வேகம் குறைந்தது. நிமிடத்துக்குச் சராசரியாக 3,500 அடி வீதம் விமானம் இறங்கியது. தலைகுப்புறப் பாய்ச்சல் இல்லை. இருக்கையில் இருப்பவருக்கு, தரையிறங்கத் தொடங்கிவிட்டோம் என்று தோன்றக்கூடிய இறக்கம்தான்.

10.41க்கு, பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் பிராட்ஸ்-ஒத்-பிளியோன் என்ற ஊருக்கு அருகே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் விமானம் மோதியது. 150 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

மயக்கம் இல்லை என்று எப்படித் தெரிந்தது?

துணை விமானிக்கு மாரடைப்போ மயக்கமோ வந்திருக்கலாமே என்று யாருக்கும் முதலில் தோன்றும். விசாரணையாளர்களும் அதைத்தான் முதலில் சோதித்தார்கள். குரல்பதிவுக் கருவியில் கடைசிவரை மூச்சுச் சத்தம் கேட்கிறது. ஆள் உயிரோடு இருந்தார் என்பதற்கு அது போதும், சுயநினைவோடு இருந்தார் என்பதற்குப் போதாது. அந்தச் சான்று விமானத் தரவுப் பதிவுக் கருவியில் இருந்தது. இறக்கத்தின்போது வேக அமைப்பு ஒருமுறை அல்ல, பலமுறை மாற்றப்பட்டிருக்கிறது. மயங்கிக் கிடப்பவர் கை தவறி ஒரு குமிழைத் தட்டலாம். நிமிடக்கணக்கில் வேகத்தைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது.

அதைவிடக் கலங்கவைத்தது அதற்கு முந்தைய பயணத்தின் பதிவு. அதே நாள் காலை, அதே இருவரோடு, அதே விமானம் டுசல்டார்ஃபிலிருந்து பார்சிலோனாவுக்கு வந்தது. அப்போதும் கேப்டன் சில நிமிடங்கள் வெளியே போயிருந்தார். அந்த நேரத்தில் இலக்கு உயரம் மூன்று விநாடிகளுக்கு 100 அடி என்று வைக்கப்பட்டு மீண்டும் மாற்றப்பட்டிருக்கிறது. இறங்குவதற்குத் தரையிலுள்ள விமானக் கட்டுப்பாட்டு அறை ஏற்கெனவே அனுமதி கொடுத்திருந்ததால் விமானத்தின் போக்கில் வித்தியாசம் தெரியவில்லை. தரையிலிருந்தும் கேபினிலிருந்தும் யாராலும் அதைக் கவனித்திருக்க முடியாது. ஒத்திகை என்று புரிந்தது பதிவுகளைப் பிரித்துப் பார்த்த பிறகுதான்.

கதவின் கணக்கு

2001 செப்டம்பர் 11க்கு முன்பு விமானி அறைக் கதவு ஒரு சாதாரணத் தடுப்பு. கடத்தல்காரர்கள் உள்ளே புகுந்து விமானங்களைக் கட்டடங்களில் மோதிய பிறகு நிலைமை மாறியது. 2003 நவம்பர் முதல் பெரிய பயணிகள் விமானங்களில் துப்பாக்கிக் குண்டைத் தாங்கும் கதவு கட்டாயம் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதித்தது.

ஏ320 கதவு வேலை செய்யும் விதம் எளிது. வெளியே ஓர் எண் பலகை இருக்கிறது. ஊழியர் ஒருவர் உள்ளே வர விரும்பினால் அதில் கோரிக்கை கொடுப்பார். உள்ளே சிறு ஒலி எழும். விமானி கேமராவில் ஆளைப் பார்த்துவிட்டு ஒரு சுவிட்சால் திறப்பார். உள்ளே இருப்பவர் மயங்கிவிட்டால் என்ன செய்வது? அதற்குத் தனியாக ஓர் அவசரக் குறியீடு உண்டு. அதை அழுத்தினால் உள்ளே 15 விநாடி தொடர்ந்து ஒலி அடிக்கும். அதற்குள் உள்ளிருந்து மறுப்பு வராவிட்டால் கதவு ஐந்து விநாடிக்குத் திறந்துகொள்ளும். கடத்தல்காரன் ஊழியரை மிரட்டி அந்தக் குறியீட்டைப் பிடுங்கிக்கொண்டால்? அதற்கும் வழி செய்திருந்தார்கள். உள்ளிருப்பவர் சுவிட்சைப் பூட்டு நிலைக்குத் தள்ளினால் வெளிப் பலகை செயலிழந்துவிடும். ஜெர்மன்விங்ஸ் விமானங்களில் இது ஐந்து நிமிடத்துக்கு என்று இருந்தது. மறுபடி தள்ளினால் இன்னோர் ஐந்து நிமிடம்.

வடிவமைப்பில் தவறு என்று இதைச் சொல்லமுடியாது. வெளியே இருப்பவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் கருத்து வேறுபட்டால் யார் சொல்வது செல்லவேண்டும் என்ற கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் கொடுக்கமுடியும். செப்டம்பர் 11க்குப் பிறகு உலகம் கொடுத்த விடை, உள்ளே இருப்பவர் சொல்வதே செல்லும் என்பது.

அவசரக் குறியீடு பயனற்றது என்றும் நினைத்துவிடக் கூடாது. 2010 மே மாதம் துபாயிலிருந்து புனே வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737இல் கேப்டன் கழிவறைக்குப் போயிருந்தபோது, துணை விமானி தன் இருக்கையைச் சரிசெய்யப் போய்த் தவறுதலாகக் கட்டுப்பாட்டுத் தண்டை முன்னால் தள்ளிவிட்டார். விமானம் சுமார் 7,000 அடி சரிந்தது. பதற்றத்தில் அவரால் கதவையும் திறக்கமுடியவில்லை. கேப்டன் அவசரக் குறியீட்டைப் போட்டு உள்ளே வந்து விமானத்தை மீட்டார். உள்ளிருப்பவர் தடுக்காதவரை அந்தக் குறியீடு வேலை செய்கிறது. 9525இல் தடுக்கப்பட்டது. கோரிக்கை ஒலி ஒருமுறை, இன்டர்காம் அழைப்புகள், தட்டல், பிறகு கதவை உடைக்கும் முயற்சியில் பலமான அடிகள் என்று வரிசையாக ஒலிப்பதிவில் கேட்கிறது. பதில் இல்லை.

தரையிலிருந்து ஏதும் செய்திருக்க முடியாதா?

முடியாது. பிரான்சின் மார்செய் விமானக் கட்டுப்பாட்டு அறை, அனுமதி இல்லாத இறக்கத்தைச் சில நிமிடங்களில் கவனித்துவிட்டது. மூன்று அலைவரிசைகளில் 11 முறை அழைத்தார்கள். பிரெஞ்சு ராணுவ வான்பாதுகாப்புப் பிரிவும் தனியாக அழைத்தது. கட்டுப்பாட்டாளர் கையில் இருப்பது ரேடியோ மட்டுமே. போர் விமானம் கிளம்பியது மோதலுக்குப் பிறகுதான்; முன்பே வந்திருந்தாலும் பக்கத்தில் பறந்து பார்ப்பதற்கு மேல் அதற்கு வேலையில்லை.

விமானத்துக்குள்ளேயே தரை மோதல் எச்சரிக்கைக் கருவி உண்டு. கடைசி அரை நிமிடத்தில் அது கத்தியது. ஆனால் அது வாயால் எச்சரிக்குமே தவிர, கையை நீட்டித் திருப்பாது. எஃப்-16 போர் விமானங்களில் தரையை நெருங்கினால் தானே மேலேற்றும் அமைப்பு 2014 முதல் இருக்கிறது. வேகத்தில் சுயநினைவு இழக்கும் விமானிக்காக வந்தது அது. பயணிகள் விமானத்தில் அதைப் பொருத்தினாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. கருவி தவறான தகவலை நம்பி விமானத்தைத் திருப்பினால் விமானி அதை அணைக்க முடிந்தாக வேண்டும். அவரால் அணைக்கமுடிந்தால், மோதவேண்டும் என்று இருப்பவராலும் அணைக்கமுடியும். தரையிலிருந்து விமானத்தை இயக்கும் யோசனையும் அவ்வப்போது வருகிறது. அது விமானி அறைக் கதவைத் தரையில் எங்கோ ஓர் அறையில் கொண்டுபோய் வைப்பதற்குச் சமம். கடத்துபவர் அங்கே முயல்வார்.

எப்போதும் இருவர்

விபத்து நடந்த மூன்றாம் நாளே, மார்ச் 27 அன்று, விமானி அறையில் எந்நேரமும் இருவர் இருக்கவேண்டும் என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை பரிந்துரைத்தது. அமெரிக்காவில் அது முன்பே வழக்கம். ஒரு விமானி வெளியே போனால் கேபின் ஊழியர் ஒருவர் உள்ளே வந்து நிற்பார்.

கேட்க நன்றாக இருக்கும் இந்த விதியை 2016இல் முகமை தளர்த்தியது. ஜெர்மன்விங்ஸின் தாய் நிறுவனமான லுஃப்தான்சா குழுமம் 2017இல் கைவிட்டது. கவனமின்மை என்று பலர் குறைசொன்னார்கள். எங்கள் பார்வையில் அது நியாயமான முடிவுதான். கேபின் ஊழியருக்குக் கருவிகளைப் படிக்கத் தெரியாது. முந்தைய பயணத்தில் மூன்று விநாடி நடந்ததை அவர் பார்த்திருந்தாலும் என்னவென்று புரிந்திருக்காது. ஆள் மாறுவதற்காகக் கதவு கூடுதல் முறை, கூடுதல் நேரம் திறக்கிறது. தரைக்கு அருகே மோத நினைப்பவருக்குச் சில விநாடி போதும். பக்கத்தில் இன்னொரு விமானி இருந்தும் நடந்திருக்கிறது. 1982இல் டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் டிசி-8 தரையிறங்கும் நேரத்தில் மனநோயால் பாதிக்கப்பட்டிருந்த கேப்டன் எஞ்சின்களின் உந்துவிசையைப் பின்னோக்கித் திருப்பினார். சக ஊழியர்கள் அவரைப் பிடித்து இழுத்தும் விமானம் ஓடுபாதைக்கு முன்பே கடலில் விழுந்தது. 24 பேர் இறந்தார்கள்.

மற்ற வழக்குகளில் இவ்வளவு தெளிவு இல்லை. 1997இல் இந்தோனேசியாவின் மூசி ஆற்றில் விழுந்த சில்க்ஏர் 185 (104 பேர்) விஷயத்தில், கேப்டன் வேண்டுமென்றே செய்தது என்றது அமெரிக்கத் தரப்பு. காரணம் நிறுவமுடியவில்லை என்றது இந்தோனேசிய விசாரணைக் குழு. 1999இல் அட்லாண்டிக்கில் விழுந்த எகிப்துஏர் 990 (217 பேர்) பற்றி அமெரிக்காவும் எகிப்தும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. 9525க்கு மிக நெருக்கமானது மொசாம்பிக்கின் எல்ஏஎம் 470. 2013 நவம்பரில், மபூட்டோவிலிருந்து லுவாண்டாவுக்குப் போகும் வழியில் நமீபியாவில் விழுந்தது. 33 பேர் இறந்தார்கள். அங்கே உள்ளே இருந்தவர் கேப்டன், கதவைத் தட்டியவர் துணை விமானி. ஜெர்மன்விங்ஸுக்கு வெறும் பதினாறு மாதம் முன்பு நடந்தது அது. பணக்கார நாடுகளின் விமான நிறுவனங்கள் கதவு விதிகளை அப்போது திரும்பிப் பார்க்கவில்லை.

மருத்துவச் சான்றிதழ் எதை நம்பி நிற்கிறது

பயணிகள் விமானம் ஓட்ட முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். ஐரோப்பிய விதிப்படி நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். கண், காது, இதய வரைபடம், சிறுநீர், ரத்தம் என்று சோதனைகள் நடக்கும். மனநலத்துக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. விமான மருத்துவர் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார். படிவத்தில் உள்ள கேள்விகளுக்கு விமானி தானே பதில் எழுதுவார். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே உடலோ மனமோ சரியில்லை என்று தெரிந்தால் பறக்கக்கூடாது என்பதும் விதி. தெரிந்துகொள்வதும் சொல்வதும் அவர் பொறுப்பு.

9525இன் துணை விமானி 2008இல் லுஃப்தான்சாவின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். நுழைவுத் தேர்வுகளில் தேறியவர்தான். அந்த நவம்பரில் மனச்சோர்வால் பயிற்சி நின்றது. சிகிச்சைக்குப் பின் 2009 ஜூலையில், விலக்கு அளிக்கப்பட்டது என்ற சிறப்புக் குறிப்போடு சான்றிதழ் கிடைத்தது. நோய் திரும்பினால் அது செல்லாது. பிறகு ஆண்டுதோறும் புதுப்பித்தார். 2014 ஜூலையில் நடந்த கடைசிச் சோதனையில் குறை தெரியவில்லை. அப்போது குறை இருக்கவும் இல்லை.

டிசம்பரில் அறிகுறிகள் திரும்பின. பார்வை போகிறது என்று பயந்து பல மருத்துவர்களிடம் போனார். தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து எடுத்தார். விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு தனியார் மருத்துவர் சைக்கோசிஸ் எனப்படும் மனப்பிறழ்வு நிலையாக இருக்கலாம் என்று சந்தேகித்து மனநல மருத்துவமனையில் சேரச் சொன்னார். மார்ச் 30 வரை வேலைக்குப் போகக்கூடாது என்று விடுப்புச் சீட்டும் எழுதப்பட்டது. அந்தச் சீட்டு நிறுவனத்துக்குப் போகவில்லை. மார்ச் 24 அன்று அவர் வேலைக்கு வந்தார்.

ஆக, நோய் கண்டறியப்படாமல் போகவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தவர்களிடமிருந்து தெரியவேண்டியவர்களுக்குப் போகவில்லை. ஏன் என்பதற்கு பிஇஏ மூன்று காரணங்களைச் சொல்கிறது. அறிக்கையின் முக்கியமான பக்கங்கள் அவைதான்.

முதலாவது, பறக்கும் உரிமை போய்விடும் என்ற பயம். சொன்னால் சான்றிதழ் அன்றே செல்லாது. அது திரும்புமா, எப்போது திரும்பும் என்று யாராலும் உறுதி தரமுடியாது.

இரண்டாவது, பணம். பயிற்சிச் செலவில் அவர் பங்கு 60,000 யூரோ. அதில் சுமார் 41,000 யூரோ கடன். நிரந்தரமாகத் தகுதி இழந்தால் நிறுவனத்தின் காப்பீட்டிலிருந்து ஒரே தவணையாக 58,799 யூரோ கிடைக்கும். கடனை அடைத்தால் கையில் நிற்பது ஒரு புதிய வாழ்க்கையைத் தொடங்கப் போதாது. மாத வருமான இழப்புக்குத் தனிக் காப்பீடு வாங்க, சான்றிதழில் இருந்த பழைய சிறப்புக் குறிப்பே தடையாக இருந்தது. ஒருமுறை உண்மையைச் சொல்லிச் சிகிச்சை பெற்றதற்குக் கிடைத்த பலன் அது.

மூன்றாவது, மருத்துவ ரகசியம். ஜெர்மனியில் நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. பிறர் உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம் என்று சட்டத்திலேயே இடமிருக்கிறது. எவ்வளவு ஆபத்து, எவ்வளவு உறுதி, யாரிடம் சொல்வது என்பதற்குத் தெளிவான வரையறை இல்லை. ஐயம் இருக்கும்போது மௌனமே மருத்துவருக்குப் பாதுகாப்பு. தம் எதிரே உட்கார்ந்திருப்பவர் நாளை விமானம் ஓட்டப்போகிறாரா, ஏற்கெனவே விடுப்பில் இருக்கிறாரா என்பது ஒரு தனியார் மருத்துவருக்கு எப்படித் தெரியும்?

தடை போட்டால் தீருமா?

மனச்சோர்வு உள்ளவர்களை விமானத்தில் ஏற்றவே கூடாது என்பது விபத்து நடந்த வாரத்தில் எல்லா மொழிகளிலும் ஒலித்த கோரிக்கை. மனச்சோர்வு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறருக்குத் தீங்கு நினைப்பதே இல்லை என்பதை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். நடைமுறையாகவே பார்ப்போம். ஹார்வர்டு ஆய்வாளர்கள் பெயர் கேட்காமல் நடத்தி 2016 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், மனநலக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன 1,848 விமானிகளில் 12.6 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு அளவைத் தாண்டிய அறிகுறிகள் இருந்தன. 4.1 சதவீதத்தினருக்குக் கடந்த இரண்டு வாரத்தில் உயிரை விடும் எண்ணம் வந்திருந்தது. இவர்கள் சான்றிதழோடு இருப்பவர்கள். முழுத் தடை இவர்களை அறையிலிருந்து வெளியேற்றாது; வாயைத் திறந்தவர்களை மட்டும் வெளியேற்றும், மற்றவர்கள் சிகிச்சை இல்லாமல் பறப்பார்கள்.

இதனால்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2010இல் எதிர்த் திசையில் நடந்தது. குறிப்பிட்ட நான்கு மனச்சோர்வு மருந்துகளில் ஒன்றை எடுத்து, நிலையாக இருப்பதாக மருத்துவர்கள் உறுதிசெய்தால், தனி அனுமதியோடு பறக்கலாம் என்றது. நல்ல ஏற்பாடு. ஆனால் அனுமதி வர மாதக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் வேலை இல்லை.

ஐரோப்பாவில் 2021 பிப்ரவரி 14 முதல் மூன்று கட்டாயங்கள் நடைமுறையில் உள்ளன. பயணிகளோடு பறக்கத் தொடங்கும் முன் உளவியல் மதிப்பீடு, மதுச் சோதனை, எல்லா விமான நிறுவனங்களிலும் சகவிமானி ஆதரவுத் திட்டம். உளவியல் மதிப்பீட்டின்மேல் அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம். அது இன்றைய ஆளைப் பற்றிச் சொல்லும். விவாகரத்துக்கோ கடனுக்கோ நோய்க்கோ பிறகு ஆறாண்டு கழித்து வரப்போகும் ஆளைப் பற்றி அதற்குத் தெரியாது.

பலன் தரக்கூடியது மூன்றாவதுதான். சிரமத்தில் இருக்கும் விமானி ஓர் எண்ணை அழைப்பார். எடுப்பவர் மேலதிகாரி அல்ல, இதற்கெனப் பயிற்சி பெற்ற இன்னொரு விமானி. அவருக்குப் பின்னால் ஒரு மனநல நிபுணர் இருப்பார். தூக்கமின்மை, குடும்பச் சண்டை, குடிப்பழக்கம், பயிற்சித் தேர்வு பயம் என்று வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை பேச்சிலும் சில நாள் விடுப்பிலும் முடிந்துவிடும். சிகிச்சை தேவைப்பட்டால், பறப்பதைத் தானே நிறுத்திக்கொண்டு விமான மருத்துவரிடம் போக வழிகாட்டுவார்கள். உயிராபத்து என்ற நிலை தவிர நிறுவனத்துக்குப் பெயர் போகாது. எண்ணிக்கை மட்டும் போகும்.

இது எங்கே உடையும் என்பதும் தெரிந்ததே. சிறிய நிறுவனத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், குரலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பல சிறு நிறுவனங்கள் சேர்ந்து வெளி அமைப்பு ஒன்றிடம் இதை ஒப்படைப்பது நல்லது. ஒரே ஓர் அழைப்பு மேலதிகாரியின் காதுக்குப் போனதாக வதந்தி கிளம்பினாலும் தொலைபேசி அதன்பின் ஒலிக்காது. நிறுவனம் சட்டத்துக்காக எண்ணை மட்டும் அறிவித்துவிட்டு ஆட்களைப் பயிற்றுவிக்காமல் விடுவதும் நடக்கும்.

இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023இல் வெளியிட்ட மனநலச் சுற்றறிக்கையிலும் இந்தச் சகவிமானி ஆதரவு இடம்பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில், பணியில் இல்லாமல் விமானி அறையின் உதிரி இருக்கையில் பயணம் செய்த ஒரு விமானி, பறக்கும்போதே எஞ்சின்களை நிறுத்த முயன்று, பணியில் இருந்த இருவரால் தடுக்கப்பட்டார். அதையடுத்து அமைக்கப்பட்ட குழு 2024இல் 24 பரிந்துரைகள் கொடுத்தது. ஆலோசகரிடம் பேசச் சென்றதை எல்லாம் மருத்துவப் படிவத்தில் எழுதவேண்டிய கட்டாயத்தை நீக்குவது அவற்றில் ஒன்று.

பைலட் பயிற்சிக்குக் கடன் வாங்கத் தயாராகும் இளைஞர்களும் அவர்கள் வீட்டாரும் விமான நிறுவனத்தின் காப்பீட்டுத் தாளில் மூன்று விஷயங்களைத் தேடிப் பார்க்கலாம். தகுதி இழப்புக் காப்பீட்டில் மனநோய்க்கு விலக்கு உண்டா. தற்காலிகமாகத் தகுதி இழந்தால் எத்தனை மாதம், எவ்வளவு சம்பளம் வரும். பணியில் சேர்ந்து எத்தனை ஆண்டுக்குப் பிறகு அது பொருந்தும். விலக்கு இருந்தால், முதல் பணி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, சான்றிதழில் எந்தக் குறிப்பும் ஏறாத வயதில், வருமான இழப்புக் காப்பீடு ஒன்றைத் தனியாக எடுத்துவைக்கலாம். சிறப்புக் குறிப்பு விழுந்தபின் கேட்டால் கிடைக்காமல் போகலாம்.